தேசியக் கல்விக் கொள்கை 2020: மூல ஆவணத்தை நீங்களே படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "புதுக் கல்விக் கொள்கை வந்தால் ஐந்தாம் வகுப்பிலேயே பிள்ளையை ஃபெயில் ஆக்கிவிடுவார்களாமே?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆம் என்பார். இன்னொருவர் அதெல்லாம் வதந்தி என்பார். ஆவணத்தின் எந்தப் பத்தியில் அப்படி எழுதியிருக்கிறது என்பதை இருவருமே சொல்ல மாட்டார்கள். அந்தத் தாயின் கேள்விக்கு ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடை தேடும் முறையைத்தான் இந்த வழிகாட்டி விளக்குகிறது. கொள்கையை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் இதே முறை பொருந்தும். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது ஆங்காங்கே தெரிந்துவிடும். அதை நான் மறைக்க முயலவில்லை.

மேசைமேல் இருக்க வேண்டியவை

முதலில், சரியான ஆவணத்தை எடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். 2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இறுதிக் கொள்கை, ஆங்கிலத்தில் 66 பக்கங்களில் அடங்கிவிடும். அதற்கு முன், கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு 2019 மே இறுதியில் அளித்த வரைவு ஏறத்தாழ 480 பக்கங்கள் கொண்டது. இன்றும் மேடைகளில் மேற்கோள் காட்டப்படும் வரிகளில் பல அந்த வரைவில் உள்ளவை. இறுதி ஆவணத்தில் அவை இல்லை. இந்தி பேசாத மாநிலங்களில் வட்டார மொழி, ஆங்கிலம் ஆகியவற்றோடு இந்தியும் கற்பிக்கப்பட வேண்டும் என்ற வரி வரைவில் இருந்தது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2019 ஜூன் 3 அன்று, அதாவது வரைவு வெளியான சில நாட்களுக்குள்ளேயே, அது திருத்தப்பட்டது. ஆகவே யாராவது ஒரு வரியைச் சொன்னால், அது வரைவில் உள்ளதா, இறுதிக் கொள்கையில் உள்ளதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துப் படிப்பவர்கள் ஆங்கில மூலத்தையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. வினைச்சொற்கள் எப்படி ஆளப்பட்டுள்ளன என்பதைக் கவனிக்க அது தேவைப்படும். அத்துடன் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தையும் 2019இல் அதற்கு வந்த திருத்தத்தையும் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு நோட்டில் நான்கு கட்டங்களாகக் கோடு போட்டு, பத்தி எண், அந்த வரியின் வினைச்சொல், அதைச் செய்ய வேண்டியவர், அதன் பிறகு வந்த சட்டம் அல்லது ஆணை என்று தலைப்பிடுங்கள். நான்காவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அந்த வெற்றிடமும் ஒரு செய்திதான்.

ஆவணத்தில் 27 அத்தியாயங்கள் உள்ளன. முதல் 8 பள்ளிக் கல்வியைப் பற்றியவை. 9 முதல் 19 வரை உயர்கல்வி. 20 முதல் 24 வரை தொழிற்படிப்புகள், முதியோர் கல்வி, இந்திய மொழிகளும் கலைகளும், தொழில்நுட்பம். கடைசி மூன்றும் நிறைவேற்றுவதைப் பற்றியவை. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு 1, 2, 4, 7 ஆகிய அத்தியாயங்களும் 26ஆம் அத்தியாயமும் முதற்சுற்றுக்குப் போதும். முன்னுரையில் வரும் தட்சசீலம், நாளந்தா பற்றிய வரிகளால் எந்தப் பள்ளியிலும் எதுவும் மாறப்போவதில்லை என்பதால் அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

கொள்கை வேறு, சட்டம் வேறு

கொள்கை ஆவணம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அன்று. அது அரசு தன் விருப்பத்தையும் திசையையும் அறிவிக்கும் அறிக்கை. 1968இல் ஒன்று வந்தது, 1986இல் இன்னொன்று வந்து 1992இல் திருத்தப்பட்டது, மூன்றாவதாக வந்தது இது. கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டதால், ஒன்றியமும் மாநிலமும் இதில் சட்டம் இயற்றலாம். இரண்டும் மோதினால் பொதுவாக ஒன்றியச் சட்டமே மேலோங்கும்; ஆனால் அந்த மேலாதிக்கம் சட்டத்துக்கு உண்டே தவிரக் கொள்கைக்கு இல்லை. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களை இந்தக் கொள்கையை ஏற்குமாறு உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்க மறுத்ததையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாயின் கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தொடங்குகிறது. 4.40ஆம் பத்தியைத் திறந்தால், 3, 5, 8 ஆகிய வகுப்புகளில் எல்லா மாணவர்களும் பள்ளித் தேர்வு எழுதுவார்கள் என்று காண்பீர்கள். அங்கேயே நிறுத்திவிடாமல் பத்தியின் இறுதிவரை படித்தால், அந்த முடிவுகள் பள்ளி அமைப்பை மேம்படுத்தும் நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தப்படும் என்று எழுதியிருப்பதும் கண்ணில் படும். பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது பற்றி அங்கு ஒரு வரியும் இல்லை. அப்படியானால் அந்த அச்சம் வதந்தியா? அதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு 2019இல், கொள்கைக்கு ஓராண்டுக்கு முன்பே, திருத்தப்பட்டது. 5, 8 ஆகிய வகுப்புகளில் தேர்வு வைத்து, தேறாதவருக்குக் கூடுதல் பயிற்சியும் மறுதேர்வும் கொடுத்த பிறகும் தேறாவிட்டால் நிறுத்திவைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அந்தத் திருத்தம் உரிய அரசிடம் விட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளுக்கு நிறுத்திவைக்கும் விதியைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு தன் பள்ளிகளில் தேர்ச்சி முறை மாறாது என்று அறிவித்தது. ஆக, அந்தத் தாயின் பிள்ளை மாநில அரசுப் பள்ளியில் படித்தால் ஒரு விடை, கேந்திரிய வித்யாலயாவில் படித்தால் வேறு விடை. இரண்டு விடைகளுமே கொள்கை ஆவணத்திலிருந்து வரவில்லை.

நீட் தேர்வையும் இதே போலப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் வேர் 2016இல் இந்திய மருத்துவக் கழகச் சட்டத்துக்கு வந்த திருத்தத்திலும் 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கொள்கையின் தலையில் கட்டினால், எதிர்ப்புக் கடிதம் தவறான முகவரிக்குப் போய்ச் சேரும்.

வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்த ஆவணத்தின் உண்மையான எடை வினைச்சொற்களில் இருக்கிறது. "செய்யப்படும்" என்பது ஒரு தரம்; "செய்யலாம்" என்பது வேறு தரம்; "ஊக்குவிக்கப்படும்", "முயற்சி மேற்கொள்ளப்படும்", "இயன்ற இடங்களில்" ஆகியவை இன்னும் கீழே நிற்பவை. பென்சிலால் இவற்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே போனால், முதல் வாசிப்பில் உறுதிமொழியாகத் தோன்றிய பல வரிகள் விருப்பங்களாகச் சுருங்கிவிடும்.

பயிற்சிக்கு 4.11, 4.12, 4.13 ஆகிய மூன்று பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைப் பொழுது முழுவதையும் இவற்றுக்கே செலவிட்டாலும் தகும்.

இயன்ற இடங்களிலெல்லாம், குறைந்தது 5ஆம் வகுப்பு வரையிலும், கூடுமானால் 8ஆம் வகுப்பு வரையிலும் அதற்கு மேலும், வீட்டு மொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி அல்லது வட்டார மொழி பயிற்றுமொழியாக இருக்கும் என்கிறது 4.11. நான்கு சொற்கள் ஒரே பொருளுடையவை போல அடுக்கப்பட்டிருந்தாலும் அவை ஒன்றல்ல. ஓசூரில் தெலுங்கு பேசும் வீட்டுக் குழந்தைக்கு வீட்டு மொழி ஒன்று, வட்டார மொழி வேறு. இரண்டில் எது என்று முடிவு செய்பவர் யார் என்பது பத்தியில் இல்லை. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுமே இதைப் பின்பற்றும் என்று எழுதியிருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டின் நான்காவது கட்டத்துக்கு வாருங்கள். தொடக்கக் கல்வியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே மாதத்திலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை, தனியார் ஆங்கிலவழிப் பள்ளியின் பயிற்றுமொழியை 4.11ஆல் மாற்ற முடியாது. தாய்மொழிவழிக் கல்விக்காக இந்தக் கொள்கையைப் பாராட்டுபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தத் தீர்ப்பை எப்படிக் கடப்பீர்கள் என்பதுதான்.

4.13 மும்மொழித் திட்டம் தொடரும் என்கிறது. அங்குள்ள வினை உறுதியானது. அடுத்த வாக்கியம், கூடுதல் நெகிழ்வு இருக்கும், எந்த மாநிலத்தின் மீதும் எந்த மொழியும் திணிக்கப்படாது என்கிறது. அதுவும் உறுதியான வினைதான். மூன்று மொழிகளையும் மாநிலமும் வட்டாரமும் மாணவரும் தேர்ந்துகொள்வார்கள், ஆனால் குறைந்தது இரண்டு இந்தியாவுக்கு உரிய மொழிகளாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று என்றால் மூன்றாவது இந்திய மொழியாகத்தான் இருந்தாக வேண்டும். பிரெஞ்சோ ஜெர்மனோ வேண்டுமென்றால், ஆங்கிலத்தை விட்டுவிட்டு இன்னொரு இந்திய மொழியைச் சேர்க்கும் நிலை வரும். எந்தப் பெற்றோரும் ஆங்கிலத்தை விடப்போவதில்லை. இந்தியைப் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கும் வரி இங்கு இல்லை என்பது உண்மை. எந்த மொழியும் திணிக்கப்படாது என்றால், மூன்றாவது மொழியே வேண்டாம் என்று 1968 ஜனவரியில் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேற்றி, இருமொழிக் கொள்கையில் நின்றுவரும் தமிழ்நாட்டின் முடிவுக்கு அங்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு விடை இல்லை என்பதும் உண்மை.

4.12க்குத் திரும்பினால் சிக்கலின் வேர் தெரியும். மொழி ஆசிரியர்களைப் பெருமளவில் உருவாக்க ஒன்றியமும் மாநிலங்களும் பெரும் முயற்சி மேற்கொள்ளும் என்றும், மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து ஆசிரியர்களை அமர்த்திக்கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. மொழித் திட்டத்துக்கு "தொடரும்", ஆசிரியருக்கு "முயற்சி", "செய்துகொள்ளலாம்". பள்ளியில் எந்த மொழிக்கு ஆசிரியர் கிடைக்கிறாரோ அதுதான் மாணவரின் தேர்வாக முடியும் என்பது வகுப்பறையை அறிந்த எவருக்கும் தெரியும். மலையாளமோ கன்னடமோ படிக்கலாம் என்பது தாளில் உள்ள உரிமை. அதைக் கற்பிக்க ஆள் வருவது சம்பளப் பட்டியலைப் பொறுத்தது.

பத்தியிலிருந்து ஆணை வரை

ஒரு வரி கொள்கையில் இருப்பது தொடக்கம் மட்டுமே. அது ஒழுங்குமுறையாகவோ, திட்டமாகவோ, சுற்றறிக்கையாகவோ மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பொது நுழைவுத் தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்தும் தேர்வைத் தங்கள் சேர்க்கைக்குப் பயன்படுத்துவதா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பத்துக்கு விடப்படும் என்று 4.42 சொல்கிறது. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, எல்லா மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கையும் அந்த ஆண்டிலிருந்து கியூட் எனப்படும் அந்தப் பொது நுழைவுத் தேர்வின் வழியாகவே நடக்கும் என்று அறிவித்தது. விருப்பம் கட்டாயமானதைக் கொள்கையில் தேடினால் கிடைக்காது, ஆணையில்தான் கிடைக்கும். ஆகவே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கொள்கையைப் படித்தால் போதாது, அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பையும் படித்தாக வேண்டும்.

கால வரம்புகளும் இப்படியே நகர்கின்றன. எல்லாத் தொடக்கப் பள்ளி மாணவர்களும் 2025க்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது 2.2இல் உள்ள இலக்கு. அதை நிறைவேற்ற 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் திட்டம், 3ஆம் வகுப்பு இறுதியை அளவுகோலாக வைத்து, 2026-27ஐ ஆண்டாகக் குறித்தது. இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதி வையுங்கள்.

பட்டப் படிப்பில் சேருபவர்கள் 11.9ஐப் படிக்க வேண்டும். ஓராண்டு முடித்து வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டுக்குப் பட்டயம், மூன்றாண்டுக்கு இளநிலைப் பட்டம், நான்காண்டுப் பட்டமே விரும்பத்தக்கது என்ற ஏற்பாடு அங்கு உள்ளது. இதற்காக, மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கல்விசார் கிரெடிட் வங்கிக்கான ஒழுங்குமுறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்டது. எனினும், இளநிலைப் படிப்பின் கட்டமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம், ஆட்சி மாறினால் அதுவும் மாறலாம். கர்நாடகம் 2021-22இல் நான்காண்டு முறையை முந்திக்கொண்டு ஏற்றது. 2024இல் மாநிலக் கல்விக் கொள்கைக் குழுவின் இடைக்கால அறிக்கையை அடுத்து மூன்றாண்டுக்கே திரும்பியது. இடையில் சேர்ந்த மாணவர்களின் குழப்பத்தை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் சேரும் நாளில், எத்தனை ஆண்டுப் பட்டம், இடையில் வெளியேறினால் எந்தச் சான்று என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஓராண்டுச் சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் என்ன மதிப்பு என்பதை ஆவணம் சொல்லவில்லை. குடும்பச் சுமையால் படிப்பை விடும் பிள்ளைக்கு அது ஆறுதல் பரிசாக மட்டும் மிஞ்சிவிடக்கூடாதே என்பது என் கவலை.

பணம் எங்கே என்று பாருங்கள்

26ஆம் அத்தியாயம் சிறியது. கவனமாகப் படிக்க வேண்டியது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது கோத்தாரிக் குழு 1966இல் சொன்னது. 1968, 1986 கொள்கைகள் அதையே திரும்பச் சொன்னதையும் அந்த அளவு இதுவரை எட்டப்படவில்லை என்பதையும் இந்த ஆவணம் தானே ஒப்புக்கொள்கிறது. 2017-18இல் பொதுச் செலவு 4.43 விழுக்காடு என்ற கணக்கையும் தருகிறது. பிறகு, விரைவில் 6 விழுக்காட்டை எட்ட ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து பாடுபடும் என்று முடிக்கிறது. எழுத்தறிவுக்கு 2025, பள்ளிச் சேர்க்கைக்கு 2030, உயர்கல்விச் சேர்க்கைக்கு 2035 என்று ஆண்டு குறித்த ஆவணம், பணத்துக்கு மட்டும் ஆண்டு குறிக்கவில்லை.

கொள்கை சட்டமில்லை என்றால் மாநிலங்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று யாரேனும் கேட்டால், நிதியின் வழியைக் காட்டுங்கள். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று செலவைப் பகிர்கின்றன. 2022 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் திட்டம் வேறு. 14,500க்கும் மேற்பட்ட பள்ளிகளை முன்மாதிரிகளாக மேம்படுத்துவது அதன் நோக்கம். அதில் சேர மாநிலம் கையெழுத்திட வேண்டிய புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்துவதாக உறுதியளிக்கும் வாசகம் இருக்கிறது. தமிழ்நாடு கையெழுத்திடவில்லை; 2024-25க்கான சமக்ர சிக்ஷா பங்கு, ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், நிறுத்திவைக்கப்பட்டதாகக் கூறி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. சட்டத்தால் செய்ய முடியாததை ஒப்பந்தத்தால் செய்யும் வழி இது. கொள்கையின் எந்தப் பத்தியிலும் இந்த நிபந்தனையைக் காண மாட்டீர்கள் என்பதால், உங்கள் நோட்டின் நான்காவது கட்டத்தில் ஒப்பந்தங்களுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

மாநில ஆவணத்தோடு ஒப்பிடுதல்

தமிழ்நாடு, நீதியரசர் த. முருகேசன் தலைமையில் 2022இல் குழு அமைத்து, 2025 ஆகஸ்ட் 8 அன்று பள்ளிக் கல்விக்கான தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. இருமொழிக் கொள்கை தொடரும் என்பதும், 11ஆம் வகுப்புப் பொதுத் தேர்வு 2025-26 முதல் இல்லை என்பதும் அதில் பலருக்கும் தெரிந்தவை. அதையும் அதே பென்சிலோடு, அதே நான்கு கட்டங்களில் படியுங்கள். நமக்குப் பிடித்த ஆவணம் என்பதால் "முயற்சி மேற்கொள்ளப்படும்" என்பது "செய்யப்படும்" ஆகிவிடாது. மோதல் இருப்பதாகச் சொல்லப்படும் இடங்களில் ஒற்றுமையும் இருக்கும்: காலையில் எளிய சிற்றுண்டி கொடுத்தால் பிள்ளைகள் நன்கு கற்பார்கள் என்று தேசியக் கொள்கையின் 2.9 சொல்கிறது, அதைத் தன் செலவில் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் விரிவுபடுத்தியது, அந்தக் கொள்கையை எதிர்க்கும் தமிழ்நாடுதான்.

உங்கள் ஊர்ப் பள்ளி சிறியதென்றால், 7ஆம் அத்தியாயத்தையும் விட்டுவிடாதீர்கள். 2016-17இல் நாட்டில் 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன என்ற கணக்குடன் அது தொடங்குகிறது. ஒரு மேல்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள சிறு பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் ஒரே பள்ளி வளாகமாக இணைத்து நிர்வகிப்பதைத் தீர்வாக முன்வைக்கிறது. நூலகத்தையும் ஆய்வகத்தையும் கலை, விளையாட்டு ஆசிரியர்களையும் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடாகத் தோன்றலாம். பிள்ளைகள் நடந்து போகும் தொலைவு கூடுமா, தொடக்கப் பள்ளி மூடப்படுமா என்பதே ஊராரின் கேள்வி. இணைப்பு என்ற சொல் எங்கு வந்தாலும், அது நிர்வாக இணைப்பா, கட்டட இணைப்பா என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு நோட்டில் சில வரிசைகளின் நான்காவது கட்டம் காலியாகவே நிற்கும். அவற்றில் உங்கள் பள்ளியைத் தொடும் ஒன்றைத் தேர்ந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு எழுதுங்கள். "கல்விக் கொள்கை பற்றிய விவரம் தருக" என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். எந்தப் பள்ளி, எந்தக் கல்வியாண்டு, எந்த அரசாணை அல்லது சுற்றறிக்கையின் எண், நாள், நகல் என்று கேளுங்கள். 30 நாட்களில் வரும் பதிலை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்து, கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.